சிவப்புக் கோட்டை அழுத்தமாக்குவது எப்படி: தங்க நானோ துகள் ஸ்ட்ரிப் செய்முறை

மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் பலவற்றில் விழும் சிவப்புக் கோடு உண்மையில் தங்கம். சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்கள் கோடிக்கணக்கில் ஒரே கோட்டில் மாட்டிக்கொள்ளும்போது அவை கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகின்றன. 1988-இல் வந்த கிளியர்புளூ ஒன் ஸ்டெப் அட்டையில் நீல நிற லேடெக்ஸ் துகள்தான் இருந்தது. இன்று ஸ்ட்ரிப் (இத்தகைய அட்டைக்குள் இருக்கும் சோதனைப் பட்டை) என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தங்கம்.

ஸ்ட்ரிப்பின் உணர்திறன் போதவில்லை என்றதும் பலரும் உடனே புதுப் பொருள்களைத் தேடிப் போகிறார்கள்: கிராஃபீன், குவாண்டம் டாட், நட்சத்திர வடிவத் தங்கம், காந்தத் துகள். அவற்றுக்கெல்லாம் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. சாதாரண 40 நானோமீட்டர் தங்கத்தின் மேற்பரப்பில் ஆன்டிபாடியை (தேடும் பொருளை மட்டும் பிடிக்கும் புரதத்தை)ச் சரியான பி.ஹெச்.-இல், சரியான அளவில் உட்காரவைப்பதுதான் அது. அது சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துகளும் மங்கலான கோட்டைத்தான் தரும்.

எடுத்துக்காட்டுக்குக் கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனையே வைத்துக்கொள்வோம். இலக்கு, சிறுநீரில் மி.லி.-க்கு 25 மில்லி யூனிட் அளவை 5 நிமிடத்தில் கண்ணால் பார்த்துச் சொல்வது. வேறு புரதத்துக்குச் செய்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும், எண்கள்தான் மாறும்.

எந்த ஆன்டிபாடி எங்கே

ஹெச்.சி.ஜி.-க்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு பகுதிகள். ஆல்ஃபா பகுதி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., டி.எஸ்.ஹெச். ஆகிய மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஆல்ஃபாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தங்கத்தின் மேல் ஏற்றினால், மாதிரியில் உள்ள மற்ற ஹார்மோன்கள் அதை நிரப்பிவிடும். தங்கத்தில் பீட்டாவுக்கான ஆன்டிபாடி, கோட்டில் ஆல்ஃபாவுக்கானது என்று வைப்பதே முறை; நடுவில் ஹார்மோன் இருந்தால்தான் தங்கம் கோட்டில் நிற்கும். எல்.ஹெச்.-இன் பீட்டா பகுதியும் ஹெச்.சி.ஜி.-யின் பீட்டாவும் பெருமளவு ஒத்தவை என்பதால், பீட்டா ஆன்டிபாடி வாங்கும்போது எல்.ஹெச்.-உடன் அது ஒட்டுவதில்லை என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் எலி மோனோகுளோனலாக (எலிச் செல்லிலிருந்து எடுத்த ஒரே வகை ஆன்டிபாடி) இருந்தால், ஸ்ட்ரிப் சரியாக ஓடியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு ஆட்டிலிருந்து எடுத்த எலி-எதிர்ப்பு ஆன்டிபாடி போதும்.

தங்கக் கரைசல்

டர்கெவிச் 1951-இல் சொன்ன சிட்ரேட் முறையும், 1973-இல் ஃப்ரென்ஸ் அதில் சிட்ரேட்டின் அளவை மாற்றித் துகளின் பருமனைக் கட்டுப்படுத்தியதும்தான் இன்றைக்கும் அடிப்படை. சிட்ரேட் குறைந்தால் துகள் பெரிதாகும். 100 மி.லி. 0.01 சதவீதத் தங்கக் குளோரைடுக் கரைசலுக்கு 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி. சேர்த்தால் ஏறக்குறைய 16 நானோமீட்டர், 1 மி.லி. சேர்த்தால் ஏறக்குறைய 40 நானோமீட்டர்.

முதலில் கண்ணாடிச் சாமான்கள். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகத்தில் குடுவை, காந்தக் கலக்கி இரண்டையும் கழுவி, பிறகு தூய நீரில் பலமுறை அலச வேண்டும். இந்த வேலை புகைபோக்கி அறைக்குள் மட்டும்தான். மிச்சத்தை மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். சோப்பு, பழைய தங்கப் படிவு, விரல் எண்ணெய் எது மிஞ்சினாலும் துகள் அங்கே வளரத் தொடங்கிப் பருமன் சிதறிவிடும்.

தங்கக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உலோகக் கரண்டி பட்டால் அதை அரிக்கும். ஒரு கிராம் பாட்டில் வாங்கினால் சிறிது சிறிதாக எடை போடாமல், முழுவதையும் 100 மி.லி. நீரில் கரைத்து 1 சதவீத இருப்பாக இருட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

99 மி.லி. தூய நீரில் அந்த இருப்பிலிருந்து 1 மி.லி. சேர்த்து, மேலே குளிர்விப்பான் பொருத்தி, கலக்கியபடியே கொதிக்க விடுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது சிட்ரேட் 1 மி.லி.-ஐ ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் சொட்டில் பிறந்த துகளும் கடைசிச் சொட்டில் பிறந்ததும் வேறு வேறு பருமனில் இருக்கும். வெளிர் மஞ்சள் மறைந்து நிறமற்றதாகி, சாம்பல் கலந்த நீலமாகி, ஊதாவாகி, கடைசியில் ஒயின் சிவப்பில் வந்து நிற்கும். நிறம் நின்ற பின்னும் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்கியபடியே ஆறவிடுங்கள். 4 டிகிரியில் வைக்கலாம். உறையவிட்டால் தங்கம் கட்டிப்போய்விடும், மீட்க முடியாது.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் ஒளி உறிஞ்சலின் சிகரம் 525 முதல் 530 நானோமீட்டருக்குள், அதன் உயரம் (ஓ.டி.) 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 650-க்கு மேலே வால் நீண்டு தூக்கிக்கொண்டிருந்தால் துகள்கள் ஏற்கெனவே ஒட்டத் தொடங்கிவிட்டன. அந்தத் தொகுதியில் மேற்கொண்டு ஆன்டிபாடியைச் செலவழிக்க வேண்டாம். நேரமும் கையும் இல்லாதவர்கள் கடையில் கிடைக்கும் தயார் 40 நானோமீட்டர் தங்கத்தை வாங்கலாம். பருமன் சீராக இருப்பதில் அது பெரும்பாலும் கையால் செய்ததை மிஞ்சும்.

எவ்வளவு ஆன்டிபாடி: கணக்கு

ஓ.டி. 1 அளவுள்ள 40 நானோமீட்டர் தங்கத்தில் ஒரு மி.லி.-க்கு சுமார் 9,000 கோடித் துகள்கள் இருக்கும். ஒரு துகளின் மேற்பரப்பு சுமார் 5,000 சதுர நானோமீட்டர். ஒரு ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி ஒட்டும்போது 50 சதுர நானோமீட்டர் அளவு இடம் பிடிக்கும் என்று கொண்டால் ஒரு துகளுக்கு 100 ஆன்டிபாடி. பெருக்கிப் பார்த்தால் மி.லி.-க்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வருகிறது. எல்லா மூலக்கூறும் ஒட்டாது, குழாயின் சுவரிலும் கொஞ்சம் போகும். ஆகவே நடைமுறையில் 4 முதல் 10 மைக்ரோகிராம் வரை தேவைப்படும். அந்த வரம்புக்குள் எந்த எண் என்பதைச் சொல்வது உப்புச் சோதனை.

உப்புச் சோதனை

சிட்ரேட் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பது எதிர்மின்னூட்டத்தால். உப்பு சேர்த்ததும் அந்தத் தள்ளல் சுருங்கி, துகள்கள் ஒட்டி, சிவப்பு நீலமாக மாறும். மேற்பரப்பை ஆன்டிபாடி முழுக்க மூடியிருந்தால் உப்பு போட்டாலும் சிவப்பு அப்படியே நிற்கும். ஆன்டிபாடியின் அளவையும் பி.ஹெச்.-ஐயும் ஒரே தட்டில் மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான் இதன் அழகு.

ஆன்டிபாடியை முதலில் தயார்ப்படுத்துங்கள். விற்பனைக் குப்பியில் உள்ள பி.பி.எஸ். (உப்புள்ள பாஸ்பேட் கரைசல்), அசைடு, கிளிசரால், பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்) எதுவும் இருக்கக்கூடாது. உப்பு தங்கத்தைக் கட்டிப்போடும், பி.எஸ்.ஏ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ்.ஏ. டயாலிசிஸில் போகாது என்பதால் அது இல்லாத குப்பியாக வாங்குங்கள். 2 முதல் 5 மில்லிமோலார் போரேட் பஃபருக்கு (பி.ஹெச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) டயாலிசிஸ் செய்து, சென்ட்ரிஃப்யூஜில் 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசையில்) 10 நிமிடம் சுற்றி, மேலே நிற்பதை மட்டும் எடுத்து, 0.1 மி.கி./மி.லி. செறிவுக்குக் கொண்டுவாருங்கள்.

தங்கக் கரைசலை 1 மி.லி. வீதம் ஆறு குழாய்களில் எடுத்து, 0.2 மோலார் பொட்டாசியம் கார்பனேட்டைச் சில மைக்ரோலிட்டர் சேர்த்து, பி.ஹெச். 6.5, 7, 7.5, 8, 8.5, 9 என்று ஆக்குங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: பி.ஹெச். மீட்டரின் கண்ணாடி முனையை வெறும் தங்கக் கரைசலில் நனைக்கக் கூடாது. முனையிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடு தங்கத்தைக் கட்டியாக்கும், அந்தக் கட்டி முனையின் துளையை அடைக்கும், முதலுக்கே மோசம். பி.ஹெச். தாளால் பாருங்கள். துல்லியம் வேண்டுமென்றால் சிறு பங்கைத் தனியாக எடுத்து, அதில் 1 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 20,000 சேர்த்து நிலைப்படுத்தி, அதை மீட்டரில் அளந்துவிட்டுக் கொட்டிவிடலாம்.

96 குழித் தட்டில் ஒவ்வொரு குழிக்கும் 100 மைக்ரோலிட்டர் தங்கம். செங்குத்து வரிசைக்கு ஒரு பி.ஹெச். கிடைவரிசையில் ஆன்டிபாடி 0, 2, 4, 6, 8, 10, 15, 20 மைக்ரோலிட்டர். 0.1 மி.கி. செறிவில் இந்த எண்களே மி.லி.-க்கு அத்தனை மைக்ரோகிராம் என்றும் ஆகிவிடுவதால் கணக்குப் போடத் தேவையில்லை. குறைவாக உள்ள குழிகளை அதே போரேட் பஃபரால் நிரப்பி, எல்லாவற்றையும் சமமாக 120 மைக்ரோலிட்டர் ஆக்குங்கள். 15 நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் 10 சதவீதச் சாதாரண உப்புக் கரைசல் 12 மைக்ரோலிட்டர். பத்து நிமிடம் கழித்துத் தட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஆன்டிபாடி இல்லாத குழிகள் நீலச் சாம்பலாக மாறியிருக்க வேண்டும். அவையே சிவப்பாக நின்றால் உப்பு போதவில்லை அல்லது வாங்கிய தங்கத்தில் வேறு நிலைப்படுத்தி ஏதோ இருக்கிறது, சோதனை செல்லாது. ஒவ்வொரு செங்குத்து வரிசையிலும் மேலிருந்து கீழே நீலம், ஊதா, சிவப்பு என்று படிப்படியாகத் தெளியும். ஊதாவில் ஏமாந்துவிடாதீர்கள். பாதி மூடிய துகள் அது, இன்றைக்குத் தாங்கும், உலர்த்தும்போது கட்டிப்போகும். தட்டு ரீடர் இருந்தால் 600, 525 நானோமீட்டர்களில் உள்ள உறிஞ்சலின் விகிதத்தை எடுத்துக் கோட்டுப்படம் போட்டால், அது சமதளமாகும் இடம் தெளிவாகத் தெரியும். அந்த இடத்தின் அளவோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பி.ஹெச். எது? பொதுவாக ஆன்டிபாடியின் ஐசோ எலெக்ட்ரிக் புள்ளிக்கு (அதன் மொத்த மின்னூட்டம் சுழியாகும் பி.ஹெச்.) அரை அலகு மேலே. மோனோகுளோனல்களுக்கு அந்தப் புள்ளி 6 முதல் 9 வரை எங்கும் இருக்கலாம் என்பதால், ஒரு ஆன்டிபாடிக்குச் சரியாக இருந்த 8.5 அடுத்ததற்குச் சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உப்பைத் தாங்கும் பி.ஹெச். இரண்டு மூன்று கிடைத்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் நிலைத்து நிற்பதே நன்றாகப் பிடிப்பதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆன்டிபாடியின் பிடிக்கும் முனை தங்கத்தில் படுத்துக்கொண்டாலும் நிலைத்தன்மை சோதனையில் அது தேறிவிடும். தேர்வு அரை ஸ்ட்ரிப்பில்தான் முடியும்.

ஒட்டவைத்தல்

10 மி.லி. தங்கத்துக்கு, மி.லி.-க்கு 8 மைக்ரோகிராம் என்று முடிவாகியிருந்தால், 0.1 மி.கி. ஆன்டிபாடி 0.8 மி.லி. தேவை. தங்கம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது ஆன்டிபாடியைச் சட்டென்று சேருங்கள். மெதுவாக விட்டால் முதலில் தொட்ட துகள்கள் நிரம்பி வழியும், மற்றவை பட்டினி கிடக்கும். அறை வெப்பத்தில் 30 நிமிடம். பிறகு போரேட் பஃபரில் கரைத்த 10 சதவீத பி.எஸ்.ஏ. 1 மி.லி., மேலும் 30 நிமிடம். மிச்சமிருக்கும் வெறும் தங்கப் பரப்பை இது மூடும். மூடாவிட்டால் அந்த இடங்கள்தான் பின்னால் மெம்பிரேனில் (கோடு விழும் தாளில்) ஒட்டிப் பின்னணியைச் சிவப்பாக்கும்.

10 டிகிரிக்குக் கீழே 4,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றுங்கள். குழாயின் அடியில் அடர்ந்த சிவப்புத் துளி ஒன்று தளர்வாக நிற்க வேண்டும். பைப்பெட்டால் மெல்ல ஊதினால் அது புகைபோலக் கரைய வேண்டும். கறுப்பாகச் சுவரில் பூசிக்கொண்டால் வேகம் கூடிப்போனது, அல்லது துகள் முன்பே கட்டியிருந்தது. தெளிநீரை எடுத்துவிட்டு, 1 சதவீத பி.எஸ்.ஏ. உள்ள 2 மில்லிமோலார் போரேட்டில் கரைத்து இன்னொரு முறை சுற்றுங்கள். இந்த இரண்டாம் சுற்றைச் சோம்பலில் விடுவது பொதுவான தவறு. கரைசலில் ஒட்டாமல் மிதக்கும் ஆன்டிபாடி ஹெச்.சி.ஜி.-யைத் தங்கத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். கோடு நிறமில்லாமல் நிரம்பும்.

கடைசியாக 20 மில்லிமோலார் போரேட் பி.ஹெச். 8.5, 1 சதவீத பி.எஸ்.ஏ., 10 சதவீதச் சுக்ரோஸ், 5 சதவீத டிரெஹலோஸ், 0.1 சதவீத ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) உள்ள பஃபரில் 1 மி.லி.-க்குக் கொண்டுவாருங்கள். இழப்பே இல்லாவிட்டால் ஓ.டி. 10. உண்மையில் கொஞ்சம் குறையும். 20 மடங்கு நீர்த்து அளந்து சரிசெய்யுங்கள். சிகரம் பழைய இடத்திலிருந்து சில நானோமீட்டர் நகர்ந்திருந்தால் புரதம் ஏறியிருக்கிறது என்று பொருள். பத்து பதினைந்து நகர்ந்து அகலமாகவும் ஆகியிருந்தால் கட்டிப்போயிருக்கிறது.

அரை ஸ்ட்ரிப்

முழு ஸ்ட்ரிப் கட்டுவதற்கு முன் மெம்பிரேனும் உறிஞ்சு பேடும் மட்டும் உள்ள அரை ஸ்ட்ரிப்பில் எல்லாவற்றையும் முடிவுசெய்யுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் துண்டில் ஆல்ஃபா ஆன்டிபாடி 1 மி.கி./மி.லி. செறிவில் அரை மைக்ரோலிட்டர் புள்ளி வைத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தலாம். கோடு போடும் இயந்திரம் இல்லாத ஆய்வகத்துக்கும் இது எட்டும். குழியில் 45 மைக்ரோலிட்டர் மாதிரி, 5 மைக்ரோலிட்டர் ஓ.டி. 10 தங்கம். அதில் ஸ்ட்ரிப்பை நிற்கவையுங்கள். ஒரு மாலைக்குள் நான்கு பி.ஹெச்., மூன்று ஆன்டிபாடி அளவு, ஹெச்.சி.ஜி. 0-மும் 25-மும் என்று 24 ஸ்ட்ரிப் பார்த்துவிடலாம். 25-இல் அழுத்தமாகவும் 0-இல் சுத்தமாகவும் இருப்பது எதுவோ அதுவே உங்கள் செய்முறை. 0-இல் நிழல் விழுந்தால், 25-இல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

முழு ஸ்ட்ரிப்

மெம்பிரேன்களின் பெயரில் வரும் 90, 120, 135, 180 போன்ற எண்கள், நீர் 4 சென்டிமீட்டர் ஏற எடுக்கும் விநாடிகளைக் குறிக்கும். மெதுவாக ஏறினால் துகள் கோட்டைக் கடக்கும் நேரம் கூடுவதால் உணர்திறன் கூடும், கூடவே பின்னணியும். 120 அல்லது 135-இல் தொடங்குங்கள்.

சோதனைக் கோடு: ஆல்ஃபா ஆன்டிபாடி 1 மி.கி./மி.லி., சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோலிட்டர். 5 மி.மீ. தள்ளிக் கட்டுப்பாட்டுக் கோடு, 0.5 மி.கி./மி.லி. கோடு போடும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மிக உலர்ந்தால் நிலைமின்சாரத்தில் சொட்டு தெறிக்கும், ஈரம் கூடினால் கோடு பரவும்.

கண்ணாடி இழை பேடில் தங்கம் சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோலிட்டர். 4 மி.மீ. அகலத்தில் வெட்டினால் ஒரு ஸ்ட்ரிப்புக்கு 4 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் 360 கோடித் துகள்கள். அதன் மொத்த எடை 2 மைக்ரோகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தங்கம் விலை ஏறிவிட்டது என்று ஸ்ட்ரிப் விலையை ஏற்றினால் நம்பாதீர்கள். காசெல்லாம் ஆன்டிபாடிக்கும் மெம்பிரேனுக்கும்தான் போகிறது.

மாதிரி பேடை 50 மில்லிமோலார் போரேட் பி.ஹெச். 8, 0.5 சதவீத பி.எஸ்.ஏ., 0.5 சதவீத ட்வீன்-20 கரைசலில் நனைத்து உலர்த்துங்கள். சிறுநீரின் பி.ஹெச். 4.5 முதல் 8 வரை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். பஃபர் இல்லாத பேடில் அமிலச் சிறுநீர் பட்டால் தங்கம் கோட்டை அடையும் முன்பே மங்கும். பேடுகள் ஒன்றன் மேல் ஒன்று 2 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். உலர்த்திய ஸ்ட்ரிப்பை சிலிக்கா ஜெல்லோடு அலுமினியப் பையில் அடைத்துவிடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஈரத்தில் திறந்து வைத்த கட்டு ஒரு மழைக்காலம் தாங்காது.

அளப்பதில் நேர்மை

ஹெச்.சி.ஜி. இல்லாத ஆண் சிறுநீரில் 0, 10, 25, 50, 100, 1,000, 1,00,000, 5,00,000 மில்லி யூனிட் என்று கலந்து ஓட்டுங்கள். 5 நிமிடம் ஆனதும் ஸ்கேனரில் படமெடுத்து, இமேஜ் ஜே மென்பொருளில் கோட்டின் உச்சத்திலிருந்து பக்கத்துப் பின்னணியைக் கழித்து எண் எடுக்கலாம். கண்டறியும் எல்லையைக் கணக்கிட 0 மாதிரியை மட்டுமே 20 ஸ்ட்ரிப்பில் ஓட்ட வேண்டும். சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கம் சேர்த்தால் வருவதே எல்லைக்கான சிக்னல். புதுத் துகள் போட்டதும் சிக்னல் ஐந்து மடங்கு ஆனது என்று மகிழ்பவர்கள், 0 ஸ்ட்ரிப்புகளின் சிதறலும் ஐந்து மடங்கு ஆனதா என்று பார்ப்பதில்லை. அப்படி ஆகியிருந்தால் கண்டறியும் எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்.ஹெச். 500 மில்லி யூனிட், எஃப்.எஸ்.ஹெச். 1,000 மில்லி யூனிட், டி.எஸ்.ஹெச். 1,000 மைக்ரோ யூனிட் சேர்த்த மாதிரிகளில் கோடு விழக்கூடாது.

உயர் செறிவு மாதிரிகள் ஹூக் விளைவைப் பார்க்க. ஹார்மோன் மிகுந்துபோனால் தங்கத்தையும் கோட்டையும் தனித்தனியே நிரப்பிவிடும், இரண்டையும் இணைக்க எதுவும் மிஞ்சாது, கோடு மங்கும். கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்குப் பிறகு சிறுநீரில் பீட்டா கோர் என்ற துண்டுப் புரதம் ஏராளமாக வரும். பீட்டா ஆன்டிபாடி அதையும் பிடித்தால் தங்கம் நிரம்பிவிடும். துண்டில் ஆல்ஃபா பகுதி இல்லாததால் கோட்டில் நிற்காது. கர்ப்பம் தெளிவாக இருந்தும் ஸ்ட்ரிப் இல்லை என்று சொல்லும் விந்தை இதனால்தான். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்ததும் கோடு அழுத்தமானால் காரணம் இந்த இரண்டில் ஒன்று. துண்டுதான் காரணம் என்றால் தீர்வு, அதைப் பிடிக்காத பீட்டா ஆன்டிபாடியைத் தேடுவது. தங்கத்தைக் கூட்டுவது பாதி வழிதான் போகும்.

கோளாறுகள்

ஆன்டிபாடி சேர்த்த நொடியில் தங்கம் ஊதாவானால் பஃபரில் உப்பு மிஞ்சியிருக்கிறது அல்லது பி.ஹெச். ஐசோ எலெக்ட்ரிக் புள்ளியின் மேலேயே விழுந்திருக்கிறது. டயாலிசிஸை மறுபடி செய்யுங்கள்.

0 மாதிரியில் நிழல் கோடு விழுந்தால் ட்வீனைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள், பிறகு பி.எஸ்.ஏ.-ஐ. அப்போதும் போகாவிட்டால் தங்கம் கட்டியிருக்கிறதா என்று சிகரத்தைப் பாருங்கள். ட்வீனை 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் மெம்பிரேனில் உள்ள ஆன்டிபாடியே கழன்று கோடு வால் விடும்.

தங்கம் பேடைவிட்டு நகராமல் சிவப்பாகத் தங்கினால் சர்க்கரை குறைவு. உலரும்போது சுக்ரோஸ் துகள்களைச் சுற்றிக் கண்ணாடி போல உறைந்து, ஈரம் பட்டதும் கரைந்து விடுவிக்கிறது. 10 சதவீதத்திலும் நகராவிட்டால் பேடையே முன்கூட்டி ட்வீனிலும் பி.எஸ்.ஏ.-விலும் நனைத்து உலர்த்துங்கள்.

கட்டுப்பாட்டுக் கோடும் விழாவிட்டால் பெரும்பாலும் பேடுகளின் தொடுப்பு விட்டிருக்கும். வேதியியலைத் தேடும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள்.

இதற்குப் பிறகு: பெரிய துகள், வெள்ளி

மேற்பரப்பு சரியான பின்னும் எல்லை போதவில்லையென்றால் துகளைப் பெரிதாக்கலாம். விட்டம் இரட்டிப்பானால் ஒரு துகளின் நிறம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். கோட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு துகளும் அத்தனை தூரம் தெரியும். ஆனால் அதே ஓ.டி.-யில் துகள் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகிறது, மொத்த மேற்பரப்பு பாதியாகிறது. ஆகவே 80 நானோமீட்டருக்கு ஆன்டிபாடி பாதி போதும். சென்ட்ரிஃப்யூஜும் 1,000 ஜி அளவில் நிற்கட்டும். பெரிய துகள் எளிதில் கட்டும், குப்பியில் அடியில் படியும். 80-ஐத் தாண்டினால் வெறும் ஒட்டுதலை நம்பாமல், கார்பாக்சில் பூச்சுள்ள துகளில் ஆன்டிபாடியை வேதிப் பிணைப்பால் கட்டுவது பாதுகாப்பு. அதிலும் உப்புச் சோதனைக்கு விலக்கு இல்லை.

வெள்ளி ஏற்றுவது மலிவான வழி. தங்கத் துகள், வெள்ளி அயனியை உலோகமாக்கும் வினைக்கு ஊக்கியாக நிற்கும்; அதன் மேல் வெள்ளி படிந்து சிவப்புக் கோடு கறுப்பாகும், கண்ணுக்குத் தெரியாத கோடும் தெரியவரும். 0.3 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு பாட்டில், பி.ஹெச். 4 சிட்ரேட் பஃபரில் 1 சதவீத ஹைட்ரோகுயினோன் இன்னொன்று. ஓட்டுவதற்கு நொடிகள் முன்புதான் சம அளவில் கலக்க வேண்டும். ஸ்ட்ரிப் ஓடி முடிந்ததும் முதலில் தூய நீரை ஓட்டி மாதிரியைக் கழுவுங்கள். சிறுநீரிலும் பி.பி.எஸ்.-இலும் உள்ள குளோரைடு மிஞ்சினால் வெள்ளிக் குளோரைடாகப் படிந்து, வெளிச்சத்தில் கறுத்து, மெம்பிரேன் முழுவதையும் சாம்பலாக்கும். பிறகு வெள்ளிக் கலவையை 3 நிமிடம் இருட்டில் விட்டு, மீண்டும் நீரால் கழுவி நிறுத்துங்கள். நேரத்தை நீட்டினால் தங்கம் இல்லாத இடத்திலும் வெள்ளி தானாகப் படியத் தொடங்கும். எத்தனை நிமிடத்தில் 0 ஸ்ட்ரிப் கறுக்கிறது என்று முதலில் பார்த்து, அதில் பாதி நேரத்தில் நிறுத்துவது நல்ல வரம்பு.